உடற்பருமனும் நம் ஆகாரமும்

(திம்புள்ளைப் பகுதி இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வயிறார உண்டு அமர்ந்திருப்போரிடம் உணவைப் பற்றிக் குறை சொல்லுவது சங்கடமான காரியம். ஆயினும் இளைஞர் பலர், "உடம்பைக் குறைக்கச் சோற்றை விட்டுவிட்டோம்" என்று சொல்லக் கேட்கிறோம். விட்ட சோற்றின் இடத்தில் எது வந்தது என்பதை அவர்கள் சொல்லுவதில்லை. அதைத்தான் இன்று பேச விரும்புகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறோம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ 31 பேருக்கு மேல். ஒரே லயத்தில் ஒரு காம்பராவில் வளர்ச்சி குன்றிய பிள்ளை இருக்கிறது. அடுத்த காம்பராவில் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் தகப்பனார் இருக்கிறார். ஆகையால் நாம் சொல்லுவதெல்லாம் எடை மிகுந்த பெரியவர்களுக்கே. வளரும் பிள்ளைக்கும், பிள்ளைத்தாய்ச்சிக்கும், பாலூட்டும் தாய்க்கும், ஏற்கெனவே இளைத்தவர்க்கும் இது பொருந்தாது. தகப்பனார் மெலிய வேண்டுமென்று வீட்டுப் பானையைச் சிறிதாக்கி விடாதீர்கள்.

நம் பாட்டிமார் விடியற்காலை தடித்த ரொட்டியும் சம்பலும் உண்டு, சாயத்தண்ணி குடித்து, மலை ஏறினார்கள். கொழுந்துக் கூடையைச் சுமந்து நாள் முழுவதும் செங்குத்தான சரிவில் நின்றார்கள். உண்ட மா அத்தனையும் உழைப்பில் எரிந்தது. அதே ரொட்டியை அதே அளவில் உண்டுவிட்டு, பேரன் முச்சக்கர வண்டியிலோ கொழும்புக் கடையின் கல்லாவிலோ அமர்ந்திருக்கிறான். ரொட்டி மாறவில்லை, மலை மாறிப்போயிற்று.

சோற்றை விட்டு ரொட்டியைப் பிடிப்பதில் இலாபம் என்ன? சமைக்காத வெள்ளரிசி 100 கிராமிலும் கோதுமை மா 100 கிராமிலும் ஏறக்குறைய 350 கலோரி உண்டு. இரண்டும் தவிடு நீங்கிய மாப்பொருளே. காபோவைதரேற்று என்று பாடசாலையில் படித்தது இதைத்தான். ரொட்டியிலே தேங்காய்ப்பூவும் சேர்கிறது. பரோட்டாவானால் எண்ணெயும் சேர்கிறது. நார் நீங்கிய மா விரைவில் சீரணமாகிக் குளுக்கோசாக இரத்தத்திற் சேர்கிறது. பலருக்குச் சீக்கிரமே மறுபடி பசிக்கிறது. பாணுக்கும் இதே கதைதான்.

அடுத்தது சீனி. தேயிலை விளையும் ஊரில் தேநீரைக் குறைகூற எமக்குத் துணிவில்லை, கூறவும் காரணமில்லை. வெறுஞ்சாயத்தில் கலோரி இல்லையென்றே சொல்லலாம். ஆனால் நாளைக்கு ஆறு கோப்பை, கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி என்று கணக்குப் போடுங்கள்: 18 தேக்கரண்டி, ஏறக்குறைய 70 கிராமுக்கு மேல், 280 கலோரிக்குக் குறையாது. 2000 கலோரி உண்பவருக்கு இவ்வகைச் சீனி 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நன்று என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்த அளவு. மெலிய விரும்புபவர் கைவைக்க வேண்டிய முதலிடம் சீனிப் போத்தல்தான். ஒரே நாளில் நிறுத்த முடியாதவர் வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைக்கலாம், நாக்குப் பழகிவிடும்.

பின் எதைத்தான் உண்பது? தவிடு நீக்காத சிவப்பரிசி, குரக்கன், கடலை, பாசிப்பயறு, கௌபி, பருப்பு ஆகியவற்றில் மாப்பொருளோடு நாரும் இருக்கிறது. பயறு வகைகளில் புரதமும் மிகுதி. குரக்கனில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. ஆனாலும் குரக்கனும் மாவுதான். ஆறு ரொட்டி உண்டால் அதுவும் தேகத்தில் ஏறும். குரக்கன் பிஸ்கோத்து என்று பெயர் எழுதிய பொதியின் பின்புறத்தையும் வாசித்துப் பாருங்கள். கோதுமை மாவும் சீனியுமே முன்னிற்கக் கூடும். அவித்த வத்தாளங்கிழங்கு ஒருவேளை ஆகாரத்துக்கு நல்லது. சோற்றுக்குப் பதிலாக, சோற்றோடு அல்ல. மரவள்ளிக்கிழங்கு அப்படி இலேசானதன்று. எடைக்கு எடை சோற்றைவிடக் கனமானது.

இங்கே பெரியோரிடம் ஒரு வார்த்தை. 1973, 74ஆம் ஆண்டுப் பஞ்சத்தைக் கண்டவர்கள் கிழங்கையும் குரக்கனையும் ஏழ்மையின் அடையாளமாக எண்ணுவதில் வியப்பில்லை. வெள்ளைச் சோறு நிறைந்த தட்டுத்தான் அவர்கள் கண்ட கனவு. விருந்தாளிக்குக் குரக்கன் வைத்தால் மரியாதைக் குறைவென்று இன்றும் கருதும் வீடுகள் உண்டு. அந்த மனக்காயத்தை நாம் பரிகசிக்கவில்லை. பிள்ளை தானாகவே குரக்கன் கேட்டால் மட்டும், "நமக்கென்ன அரிசிக்குப் பஞ்சமா?" என்று தடுக்காதீர்கள்.

நம் தட்டுக்களில் சோறு மலையாகவும் கறி அடிவாரமாகவும் இருக்கிறது. லயத்துத் தோட்டத்தில் போஞ்சி, கோவா, கரட், லீக்ஸ் விளைகின்றன. பெரும்பகுதி சந்தைக்குப் போகிறது. தட்டில் பாதியை அவற்றுக்குக் கொடுத்து, பருப்புக்கோ பயறுக்கோ கால் பங்கும் சோற்றுக்குக் கால் பங்கும் கொடுத்தால் வயிறும் நிறையும். உருளைக்கிழங்குப் பிரட்டலை மரக்கறிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது சோற்றின் உறவினர்.

மாப்பொருளை அடியோடு விலக்கினால்தான் மெலியலாம் என்பாரும் உளர். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 609 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றாருக்குக் கொழுப்பையும் மற்றவர்க்கு மாப்பொருளையும் ஓராண்டுக்குக் குறைத்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். இரு சாராரும் சராசரி ஐந்தாறு கிலோ குறைந்தனர். பெரிய வேற்றுமை இல்லை. இரு சாராருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டது, சீனியையும் தீட்டிய மாவையும் தவிர்த்து மரக்கறியை நிறைய உண்ணுங்கள் என்பதே.

நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் இரத்தத்தில் குளுக்கோசு அபாயமாக இறங்கக்கூடும். வைத்தியரைக் கேட்டபின்பே தொடங்குங்கள்.

தொண்டர்கள் தேநீருடன் வாயிலில் நிற்பது தெரிகிறது. சீனியைக் கலக்காமல் வேறு கிண்ணத்தில் வைக்கும்படி கேட்டிருக்கிறோம். வேண்டியவர் வேண்டிய அளவு போட்டுக்கொள்ளலாம். எவரும் எண்ணிப் பார்க்க மாட்டோம்.