மணமகளும் ஒப்பமிட வேண்டும்

முஸ்லிம் பெண்களின் சீர்திருத்தப் பணியை ஆராயக் கூடியுள்ள இந்த அரங்குக்குத் தலைமை தாங்க அழைத்த அமைப்பாளர்களுக்கு நன்றி.

நம் பேச்சு ஒரு பதிவுப் படிவத்திலிருந்து தொடங்கட்டும். இலங்கையின் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி மணமகன் ஒப்பமிடுகிறார். பெண்ணின் வொலி, அதாவது ஆண் பொறுப்பாளர், ஒப்பமிடுகிறார். வாழப்போகிற பெண்ணின் ஒப்பத்தைச் சட்டம் கேட்பதில்லை. 12 வயது நிரம்பாத சிறுமியின் திருமணத்தையும் முஸ்லிம் விவாக நீதிபதியான காதியார் அனுமதித்தால் பதியலாம். நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்கோ 1995 முதல் திருமண வயது 18.

காதி நீதிமன்றத்துக்குள் சென்று பாருங்கள். தலாக் என்னும் மணவிலக்குக் கேட்கும் கணவர் காரணம் சொல்லத் தேவையில்லை. பஸஹ் என்னும் மணவிலக்குக் கேட்கும் மனைவியோ தன் துயரத்தைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். அவளுக்காகப் பேச அங்கே சட்டத்தரணிக்கு இடமில்லை. தாபரிப்புப் பணம் கேட்டு வந்தாலும் விசாரிப்பவர் ஆண்தான். காதியாகப் பெண்ணை நியமிக்கச் சட்டம் இடமளிப்பதில்லை. அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று முறையிடவும் வழியில்லை. அரசியலமைப்புக்கு முந்தைய சட்டங்கள் செல்லுபடியாகும் என்று அதன் 16ஆம் உறுப்புரை காவல் நிற்கிறது.

இவற்றை மாற்றக் கேட்டவர்கள் வெளியார் அல்லர். கொழும்பில் முஸ்லிம் பெண்கள் ஆராய்ச்சி செயல் முன்னணி 1980களிலேயே இப்பணியைத் தொடங்கியது. பின்னர் புத்தளத்திலும் கிழக்கிலும் பெண்கள் ஊர் ஊராகச் சென்று, பாதிக்கப்பட்டோரின் அனுபவங்களைக் கேட்டு எழுதினார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தின் கோபத்தையும் உறவினரின் ஏச்சையும் தாங்கிக்கொண்டுதான் எழுதினார்கள். 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் சட்டத் திருத்தக் குழு அமைந்தது. 2018 ஜனவரியில் அறிக்கை வந்தபோது உறுப்பினர்கள் இரு அணிகளாகப் பிரிந்திருந்தார்கள்.

‘இது மார்க்கத்துக்கு விரோதம்’ என்பவர்களிடம் மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். கன்ஸா பின்த் கிதாம் என்ற பெண்மணியை அவருடைய விருப்பத்துக்கு மாறாகத் தந்தை மணமுடித்து வைத்தார். அவர் முறையிட்டபோது நபிகளார் அத்திருமணத்தை ரத்துச் செய்தார்கள் என்று புகாரி ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியுள்ளது. பெண்ணின் சம்மதத்துக்கு அன்றே இருந்த மதிப்பை இன்று ஒரு கையொப்பமாகக் கேட்பது எப்படி விரோதமாகும்? வயதுவந்த பெண் தானே மண ஒப்பந்தம் செய்யலாம் என்பது ஹனபி மத்ஹபின், அதாவது ஹனபி சட்டப் பள்ளியின், நிலைப்பாடு. நம்மில் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபினர் என்பது உண்மை. ஆனால் பெண் காதியை மறுக்க அது காரணமாகாது: ஷாபிஈ மரபில் வேரூன்றிய இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் பெண்கள் ஷரீஆ நீதிமன்றங்களில் நீதிபதிகளாக இருக்கிறார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின், முஸ்லிம்களை வெறுத்தவர்களும் இச்சட்டத்தை நம்மை அடிக்கும் கோலாகக் கையில் எடுத்தார்கள். 2021இல் ‘ஒரே நாடு, ஒரே சட்டம்’ என்று செயலணியே அமைந்தது. சமூகம் தற்காப்பில் இறங்கியது. பெண்களிடம் ‘இப்போது பேசாதீர்கள்’ என்றது. அந்த அச்சம் எனக்கும் விளங்குகிறது. ஆயினும், நம் வீட்டுப் பிள்ளைக்குரிய நீதியை நாமே வழங்கியிருந்தால், பகைவர் கையில் அந்தக் கோல் சேர்ந்திருக்குமா? அவர்களுக்குப் பயந்து நீதியைத் தள்ளிப்போடுவதும், சீர்திருத்தத்தை அவர்கள் கையில் ஒப்படைப்பதும் ஒன்றுபோலத் தவறு.

ஆகவே ஆய்வாளர்களிடம் என் வேண்டுகோள் இது: பிக்ஹு என்னும் மார்க்கச் சட்ட நூல்களைப் புரட்டுங்கள், அதே கவனத்தோடு காதி நீதிமன்றக் கோவைகளையும் வாசியுங்கள். தாபரிப்பு வழக்கில் வழங்கப்பட்ட கட்டளை எத்தனை மாதத்தில் பணமாக வந்தது என்று தேடிப் பாருங்கள். நாளை மாலை இவ்வரங்கு முடியும்போது, உலமாக்களும் சட்டத்தரணிகளும் வழக்காடிய பெண்களும் சேர்ந்து ஏற்கும் வரைவு ஒன்று நம் கையில் இருக்க வேண்டும். மணமகளின் கையொப்பம் அதன் முதல் வரியாகட்டும்.

அல்லாஹ்வின் அருளை வேண்டி, இந்த அரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.