கைத்தொலைபேசியும் நமது மூளையும்

(சங்க ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)



கைத்தொலைபேசி மூளையைக் கெடுக்குமா என்பதுபற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். இக்கேள்வியை என்னிடம் முதலிற் கேட்டவர் என் மாணாக்கன் ஒருவனின் தந்தையார். கதிர்வீச்சைத் தடுக்குமென்று விற்கப்படும் ஒட்டுத்தாள் ஒன்றை வாங்கி, மகனுடைய கைத்தொலைபேசியின் பின்புறத்தில் ஒட்டியிருந்தார். "இனிப் பயமில்லைத்தானே, மாஸ்டர்?" என்றார். மகனோ, உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு மாதமே இருக்க, இரவு ஒரு மணிவரை போர்வைக்குள் அதே கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். காவல் வைத்த வாசல் ஒன்று. கள்வன் நுழைந்த வாசல் வேறொன்று. நான் இன்று கூற வந்தது இதுவே.

முதலிற் கதிர்வீச்சைப் பார்ப்போம். கதிர் என்றதும் நமக்கு ஹிரோஷிமா நினைவுக்கு வருகின்றது. ஆனால் எல்லாக் கதிர்களும் ஓரினமல்ல. எக்ஸ் கதிரும் காமாக் கதிரும் அணுவிலிருந்து இலத்திரனைப் பெயர்த்தெறியும் வலிமை உடையவை; உயிர்க்கலத்தின் மரபுப்பொருளைச் சிதைக்க வல்லவை. கைத்தொலைபேசி வீசுவதோ வானொலி அலையின் இனத்தைச் சேர்ந்தது. அதன் மீடிறன் நாம் கண்ணாற் காணும் ஒளியின் மீடிறனைவிட இலட்சக்கணக்கான மடங்கு குறைந்தது. இலத்திரனைப் பெயர்க்கும் வலிமை அதற்கில்லை. உடலில் அது செய்வதாக ஐயமின்றி நிறுவப்பட்டது சிறிதளவு சூடேற்றுவது ஒன்றே. அச்சூடு மிகாதிருக்கவே அமெரிக்காவில் உடலிழையத்தின் ஒரு கிலோகிராமுக்கு 1.6 வாற்று என்றும், ஐரோப்பிய நாடுகளில் 2 வாற்று என்றும் எல்லை வகுத்துள்ளனர்.

அப்படியாயின் புற்றுநோய் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 2011ஆம் ஆண்டில் உலக சுகாதாரத் தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் இவ்வலைகளை "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற வகுப்பிற் சேர்த்தது. இதன் கருத்து, ஐயம் முற்றும் நீங்கவில்லை என்பதே. குற்றம் நிரூபிக்கப்பட்டது என்பதன்று. ஆசிய நாடுகளில் வழங்கும் ஊறவைத்த காய்கறிகளும் அதே வகுப்பிலேதான் உள்ளன. அதே 2011இல் டென்மார்க்கில் 358,000க்கு மேற்பட்ட கைத்தொலைபேசிச் சந்தாதாரரைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. 2022இல் பிரித்தானியாவில் சுமார் 776,000 பெண்களைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. இரண்டிலும் கைத்தொலைபேசி பாவித்தோரிடையே மூளைக்கட்டி மிகுந்ததாகக் காணப்படவில்லை. உலக சுகாதாரத் தாபனத்தின் வேண்டுகோளின்படி பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2024இல் வெளியிடப்பட்ட மதிப்பீடும் இதே முடிவுக்கு வந்தது.

ஆயினும் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. 2018இல் அமெரிக்க அரசாங்க ஆய்வொன்றில், ஈராண்டு காலம் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் உடல் முழுவதும் வலுவான அலைக்குட்பட்ட ஆண் எலிகள் சிலவற்றின் இருதயத்திற் கட்டிகள் தோன்றின. அதே ஆய்வில், அலைக்குட்பட்ட ஆண் எலிகள் உட்படாதவற்றைவிட நீண்டகாலம் வாழ்ந்தன என்பதையும் கூறவேண்டும். 2011இல் 47 பேரிடம் செய்த மற்றோர் ஆய்வில், கைத்தொலைபேசியை 50 நிமிடம் காதருகே இயங்க வைத்தபோது, அதற்கு அண்மையிலுள்ள மூளைப்பகுதி சுமார் 7 சதவீதம் அதிகமாகக் குளுக்கோசைச் செலவிட்டது. அது நன்மையா தீமையா என்று ஆய்வாளர் முடிவு கூறவில்லை. ஆதலால் அஞ்சி நடுங்கவும் வேண்டாம். முற்றிலும் அலட்சியமாக இருக்கவும் வேண்டாம். நெடுநேரம் பேசுவோர் ஒலிபெருக்கியையோ காதுக்கருவியையோ பாவிக்கலாம். கருவி தலையிலிருந்து ஒரு சாண் விலகினாலே அலையின் வலு பெரிதும் குறையும். தொடர்பு நலிந்த இடத்திற் கருவி அதிக வலுவுடன் அலை வீசும். அங்கே பேச்சைச் சுருக்குக. ஒட்டுத்தாள் அலைக்குக் குறுக்கே நிற்குமாயின் அங்கும் அதுவே நிகழும். காசு கொடுத்து வாங்கிய காவலே தீங்குக்குத் துணையாகிவிடும்.

நிற்க. இனி அந்த இரண்டாவது வாசலுக்கு வருவோம். இருள் கவியும்போது நம் மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலற்றோனின் என்ற சுரப்பைச் சுரந்து, உறங்கும் வேளை வந்ததென உடலுக்கு அறிவிக்கின்றது. திரையின் நீல ஒளி அதற்குப் பகலென்று பொய் சொல்கின்றது. 2014இல் வெளியான ஆய்வொன்றில், படுக்குமுன் ஒளிரும் திரையில் நூல் படித்தோருக்கு, அச்சுநூல் படித்தோரைவிட இச்சுரப்பு ஒன்றரை மணி நேரம் பிந்தியது. பகலிற் கற்றதை மூளை நிலைபெறச் செய்வது உறக்கத்திலேயே. உறக்கத்தை விற்றுப் படிப்பவன், வட்டியை எண்ணி முதலை இழந்தவனாவான். படியாமல் விற்பவனைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

உடலுக்கு வருவோம். நமது தலை ஏறக்குறைய 5 கிலோகிராம் எடையுள்ளது. அதனை 60 பாகை குனிந்து திரையைப் பார்க்கும்போது கழுத்தெலும்பின்மீது விழும் சுமை சுமார் 27 கிலோகிராம் என்று 2014இல் அமெரிக்க வைத்தியர் ஒருவர் கணித்தார். வாகனம் செலுத்தும்போது கைத்தொலைபேசி பாவிப்போர் விபத்துக்குள்ளாகும் சாத்தியம் ஏறக்குறைய நான்கு மடங்கு என்று உலக சுகாதாரத் தாபனம் கூறுகின்றது. காதிற் செருகிய பாட்டுடன் புகையிரதப் பாதையிலே நடப்பவனைக் கொல்வது எந்தக் கதிர்? கவனக்குறைவே அன்றோ!

வாலிப நண்பர்களே, கருவியை எறிந்துவிடுங்கள் என்று நான் கூறமாட்டேன். கடல் கடந்து வாழும் பிள்ளையின் முகத்தைத் தாய்க்குக் காட்டுவதும் அதுவே. உறங்குமுன் ஒரு மணி நேரமும், உண்ணும் வேளையும், வீதியிற் செல்லும் வேளையும் அதனை ஒதுக்கி வையுங்கள், அது போதும். பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு சொல். உண்ணும்போது திரையைப் பார்க்கும் தந்தையின் புத்திமதி மகனின் காதில் ஏறாது.

அந்தத் தந்தையாரை அண்மையிற் சந்தித்தேன். ஒட்டுத்தாளை உரித்துவிட்டாராம். இரவு ஒன்பது மணிக்கு மகனுடைய கைத்தொலைபேசி முன்னறை மேசைக்குச் செல்கின்றது. அதன் பக்கத்தில் தம்முடையதையும் வைக்கின்றாராம். "முதற் கிழமை அவனைவிட நான்தான் கஷ்டப்பட்டேன், மாஸ்டர்" என்று சிரித்தார். அந்த மேசை நம் ஒவ்வொருவர் வீட்டிலும் உண்டு. இன்றிரவே அதற்கு வேலை கொடுப்போமாக.