யாருடைய கண்ணால் எழுதிய பாடம்?
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிறந்த மண்ணை விட்டு வந்து, பிறமொழி வழங்கும் இந்நகரில் குடியேறி வாழும் நமக்கு ஆண்டு விழா ஓர் இனிய நாள். சற்று முன் நம் குழந்தைகள் ஆடிய கும்மியையும் கோலாட்டத்தையும் கண்டு களித்தோம். அக்களிப்போடு ஒரு கேள்வியையும் இவ்வவை முன் வைக்க விரும்புகிறோம். நம் குழந்தைகள் கற்கும் பாடம் யாருடைய கண்ணால் எழுதப்பட்டது? இக்கேள்வியையே வாழ்நாட் பணியாகக் கொண்ட ஓர் அறிஞரைப் பற்றிச் சில சொற்கள் கூறுவோம்.

ஜேம்ஸ் பேங்க்ஸ் என்பது அவர் பெயர். அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஆர்க்கன்சா மாநிலத்தில், 1941-ஆம் ஆண்டு, உழவுத் தொழில் செய்த கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அந்நாளில் அங்கே வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி; கறுப்பர் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி. பொதுப் பள்ளிகளில் இவ்வாறு பிரித்து வைத்தல் செல்லாது என அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த உடனே மனம் மாறிவிடவில்லை. 1957-இல் அதே மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழையப் படைவீரர் துணை வேண்டியிருந்தது.

ஐந்தாம் வகுப்பில் சிறுவன் பேங்க்ஸ் படித்த புத்தகத்தில், அடிமைகள் மகிழ்ச்சியோடு வாழ்ந்தவர்களாகக் காட்டப்பட்டிருந்தனர். பிள்ளையின் மனம் அதற்கு ஒப்பவில்லை. அடிமைப்பட்டவர் எப்படி மகிழ்ந்திருப்பர்? ஏன் அவ்வாறு எழுதினர்? அந்த ஐயமே அவரை ஆராய்ச்சியாளர் ஆக்கியது.

சிகாகோவில் கல்வி பயின்று, சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்து, 1969-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக் கழகத்தின் கல்வித் துறையில் சேர்ந்தார். அத்துறையின் முதல் கறுப்பினப் பேராசிரியர் அவரே. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அங்கே பணியாற்றினார். பல பண்பாட்டுக் கல்விக்கென 1992-இல் அங்கு ஒரு மையத்தை நிறுவினார். 1995-இல் தம் துணைவியார் செரி பேங்க்ஸ் அவர்களோடு சேர்ந்து அத்துறை ஆராய்ச்சிகளைப் பெருந்தொகுதியாகப் பதிப்பித்தார். அமெரிக்கக் கல்வி ஆராய்ச்சிச் சங்கத்தின் தலைமைப் பதவியும் அவரைத் தேடி வந்தது.

அவர் வகுத்த படிகள் நான்கு. பிற இனத்தாரின் வீரர்களையும் பண்டிகைகளையும் ஒரு நாள் நினைவு கூர்தல் முதற்படி. பழைய பாடத்தோடு அவர்களைப் பற்றிய பாடம் ஒன்றை ஒட்டுதல் இரண்டாம் படி. இவ்விரண்டும் எளியவை, ஆனால் போதா. ஒரே நிகழ்ச்சியைப் பலர் கண்ணாலும் காணச் செய்தல் மூன்றாம் படி. வெள்ளையர் குடியேற்றத்தை அமெரிக்கப் புத்தகங்கள் ‘மேற்கு நோக்கிய பெயர்ச்சி’ என்று கூறும். யாருக்கு அது மேற்கு? அங்கே முன்பே வாழ்ந்த பழங்குடியினருக்கு அது மேற்கன்று. அதுவே அவர்கள் வீடு. இவ்வாறு ஆராயும் மாணவன், கண்டறிந்த அநீதியை நீக்க முற்படுதல் நான்காம் படி. இக்கல்வி சிறுபான்மையோர் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று, எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது என்பது அவர் கொள்கை.

அன்பர்களே! இவ்வளவுகோலைக் கொண்டு நம்மையும் அளந்து பார்ப்போம். சென்ற ஆண்டு நம் குடியிருப்பைச் சேர்ந்த சிறுமி ஒருத்தி தன் தாயிடம், “அம்மா, பள்ளிக்கு வந்தால் என்னோடு தமிழில் பேசாதே” என்றாள். அன்று அத்தாய் உணவு கொள்ளவில்லை. அப்பள்ளியிலும் ஆண்டுக்கு ஒரு நாள் நம் குழந்தைகள் பட்டுப்பாவாடை உடுத்தி ஆடுகிறார்கள், எல்லோரும் கைதட்டுகிறார்கள். மற்ற நாட்களில் அவர்கள் மொழி நகைப்புக்கு இடமாகிறது. முதற்படியிலேயே நின்றுவிட்டதன் பயன் இது.

பள்ளியை மட்டும் குறை கூறி அமர்தல் நேர்மையாகாது. இவ்வூரில் இருபது ஆண்டு வாழ்ந்தும் காய்கறி வாங்கும் அளவுக்கு மேல் இம்மண்ணின் மொழியைக் கல்லாதவர் நம்மில் எத்தனை பேர்! நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இந்நகரின் வரலாறு ஒரு நாளேனும் சொல்லப்பட்டதா? அடுத்த வீட்டாரை இவ்விழாவுக்கு அழைத்தோமா? நம்மைப் பிறர் அறியவில்லை என்று வருந்தும் நாம், பிறரை அறிய என்ன முயன்றோம்?

ஆதலின் இரண்டு காரியங்களை வேண்டுகிறோம். வரும் மாதம் முதல் நம் வகுப்பில் இவ்வூர்க் கதையொன்றைத் தமிழில் சொல்வோம். பெற்றோரில் சிலர் தலைமை ஆசிரியரைக் கண்டு, நம் நாட்டுக் கதையொன்றை இவ்வூர் மொழியில் வகுப்பில் சொல்ல அனுமதி கேட்போம். ஆட்டம் ஒரு நாளோடு முடியும். கதை பிள்ளைகளின் மனத்தில் தங்கும்.

அச்சிறுமி அடுத்த ஆண்டு பள்ளி வாயிலில் தன் தாயைத் தமிழில் அழைப்பாளாயின், அதுவே இச்சங்கத்தின் உண்மையான ஆண்டு விழா ஆகும்.