தீவாந்திரம் போன தையற்காரர்



நினைவுச் சொற்பொழிவுகளில் நம்மவர்களைப் பற்றியே பேசுவது வழக்கம். இந்த முறை கடல் தாண்டிய ஒருவரைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டோம். பெயர் வில்லியம் கஃபி. 1788-இல் இங்கிலாந்தின் சாத்தம் துறைமுக ஊரில் பிறந்தவர். பிரிட்டனிலிருந்து கைதிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல்கள் சிட்னியில் கரைசேர்ந்ததும் அதே 1788-இல்தான்.

தந்தை, கரீபியன் தீவான செயின்ட் கிட்ஸில் அடிமையாக இருந்து மீண்டவர். கஃபி என்பது ஆப்பிரிக்காவின் அக்கான் மக்கள் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்பிள்ளைக்கு இடும் கோஃபி என்ற பெயரின் திரிபு. அடிமைக்கப்பல் எதையெதையோ பறித்தது. இந்தப் பெயரை முழுதாகப் பறிக்க முடியவில்லை.

கஃபியின் உயரம் 4 அடி 11 அங்குலம். முதுகெலும்பும் காலெலும்பும் பிறவியிலேயே வளைந்தவை. கறுப்பர், குள்ளர், ஏழைத் தையற்காரர். எதிரிகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? பத்திரிகைகள் அவர் நிறத்தையும் உடம்பையும் கேலி செய்தன. நாவலாசிரியர் தாக்கரே அவரை நையாண்டி செய்து பாட்டே எழுதினார். லண்டன் ‘டைம்ஸ்’ ஏடு ஓர் இயக்கத்தையே ‘கறுப்பனும் அவன் கட்சியும்’ என்று எழுதியது. இழிவுபடுத்த எழுதியதுதான், ஆனால் தலைமை யாரிடம் இருந்தது என்பதற்கு அவர்களே சாட்சி சொல்லிவிட்டார்கள்.

அவர் பிறவிப் புரட்சிக்காரர் அல்லர். 1834-இல் லண்டன் தையற்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சங்கத்தின் மேல் அவருக்குப் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை, தாமதமாகவே சேர்ந்தார். ஆனாலும் சக தொழிலாளிகளோடு நின்றார். பல ஆண்டு பார்த்த வேலை போயிற்று. அதன் பிறகுதான், சட்டமியற்றும் இடத்தில் நமக்கு ஆள் இல்லாமல் எந்தக் கூலிப் போராட்டமும் நிலைக்காது என்ற முடிவுக்கு வந்தார். 1839-இல் சார்ட்டிஸ்ட் இயக்கத்தில் சேர்ந்தார்.

சார்ட்டிஸ்டுகள் கேட்டவை ஆறு. வயதுவந்த ஆண்கள் எல்லோருக்கும் வாக்கு, ரகசிய வாக்கெடுப்பு, வேட்பாளருக்குச் சொத்துத் தகுதி கூடாது, உறுப்பினருக்குச் சம்பளம், சமமான தொகுதிகள், ஆண்டுதோறும் நாடாளுமன்றத் தேர்தல். பெண்களுக்கு வாக்கு அதில் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். சம்பளக் கோரிக்கையை மட்டும் சற்று நினைத்துப் பாருங்கள். சம்பளம் இல்லாத அவையில் ஊசி பிடிப்பவன் எப்படி உட்கார முடியும்?

1848 ஏப்ரல் 10 அன்று கென்னிங்டன் திடலில் பெருங்கூட்டம். ஊர்வலமாகப் போய் மனுவைக் கொடுப்பது திட்டம். ஊர்வலக் குழுவின் தலைவர் கஃபி. போலீஸ் பாலங்களை மறித்தது. தலைவர் ஓ’கானர் கலைந்துபோகச் சொன்னார். மனு மட்டும் குதிரைவண்டியில் போயிற்று. தடுப்பார்கள் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டாமா, ஏன் மக்களை இவ்வளவு தூரம் அழைத்து வந்தீர்கள் என்று கேட்டவர் கஃபி.

ஆகஸ்டில் கைது. அரசுக்கு எதிராக ஆயுதக் கிளர்ச்சிக்குச் சதி என்று வழக்கு. முக்கிய சாட்சிகள், இயக்கத்துக்குள் நுழைந்திருந்த உளவாளிகள். ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் சொத்துள்ளவர்கள் ஜூரிகளாக உட்கார்ந்திருந்தார்கள். கஃபி மறுத்தார். ஒருவனை அவனுக்குச் சமமானவர்களே விசாரிக்க வேண்டும் என்று மாக்னா கார்ட்டா சொல்கிறதே, என் சமமானவர்கள் எங்கே என்று கேட்டார். நாம் எத்தனையோ நீதிமன்றங்களில் கேட்க நினைத்த கேள்வி. ஆயுளுக்கும் தீவாந்திரத் தண்டனை கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 60.

1849 நவம்பரில் ‘அடிலெய்டு’ என்ற கப்பல் அவரை இன்றைய டாஸ்மானியாவின் ஹோபார்ட் நகரில் இறக்கியது. கூலிக்குத் தைக்க அனுமதி கிடைத்தது. மனைவி மேரி ஆன் 1853-இல்தான் வந்து சேர முடிந்தது. அந்த ஆண்டோடு அந்தத் தீவுக்குக் கைதிகளை அனுப்புவதும் நின்றது.

அந்தத் தீவு காலி நிலம் அல்ல. அதன் ஆதிக்குடிகளைக் கொன்றும் விரட்டியும் முடித்த பிறகு, எஞ்சியவர்களில் 47 பேரை 1847-இல் ஹோபார்ட்டுக்குத் தெற்கே ஆய்ஸ்டர் கோவ் என்ற இடத்தில், கைவிடப்பட்ட பழைய கைதிக் கொட்டடியில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். கஃபி தைத்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் அவர்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருந்தார்கள். ஒடுக்கப்பட்டவனை ஏற்றி வந்த கப்பலே இன்னொரு மக்களின் நிலத்தைப் பறிக்கும் கருவியாகவும் இருந்தது. கைதிகளின் துயரக் கதையை மட்டும் சொல்லி இதை விட்டுவிடுகிறவர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

1856-இல் மன்னிப்பு வந்தது. ஊர் திரும்பலாம், அவர் திரும்பவில்லை. வேலையாட்களை எசமானர்களுக்குக் கட்டிப்போட்ட எசமான்–வேலையாள் சட்டத்தைத் திருத்தக் கோரி அங்கேயே கூட்டம் கூட்டமாகப் பேசினார். கூட்டத்தினரை அவர் விளித்தது ‘சக அடிமைகளே’ என்று. அடிமையின் மகன் அந்தச் சொல்லை அலங்காரத்துக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

கடைசியில் ஆதரவற்றோருக்கான பிரிக்ஃபீல்ட்ஸ் விடுதி. அங்கே அவர் அமைதியானவர், ஓயாமல் படிப்பவர் என்று பெயரெடுத்தார். 1870 ஜூலையில், 82 வயதில் இறந்தார். பின்னாளில் நண்பர்கள் யாராவது வந்து நினைவுக்கல் வைக்க விரும்பலாம் என்று, புதைத்த இடத்தில் அடையாளம் இட்டு வைத்தார்கள்.