தேத்தண்ணி வேண்டாம், ஈரல் கஞ்சி கொடுங்கள்

நிபோங் திபால் வட்டாரத்தில் தாய்சேய் கிளினிக் மிஸ்ஸியாக வேலை பார்த்தவள் பேசுகிறேன். 2022 தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரத்தசோகை இருந்தது. இதற்கு முக்கியக் காரணம் இரும்புச்சத்துக் குறைவு.

நிறைமாதப் பிள்ளை தாய் வயிற்றிலேயே இரும்பைச் சேர்த்துக்கொண்டுதான் பிறக்கிறது. ஆறு மாதத்தில் அந்த இருப்பு கரைந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. இனிச் சாப்பாட்டில்தான் கிடைக்கவேண்டும்.

எங்கள் பக்கத்து அம்மாமார் பலர் பத்து காவான் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளை பாட்டியிடம்தான் வளரும். அப்படி ஒரு பாட்டி பத்து மாதப் பேரனைத் தூக்கி வந்தார். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருந்தது. “என்ன குடுக்குறீங்க பாட்டி?” என்றேன். “பிஸ்கட்டத் தேத்தண்ணில நனைச்சுக் குடுப்பேன் மிஸ்ஸி, ஆசையா சாப்பிடுவான்” என்றார்.

பாசத்தில் கொடுத்ததுதான். ஆனால் தேத்தண்ணியில் உள்ள டானின் இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. டாக்டர் இரத்தம் சோதித்து மருந்து கொடுத்தார். நான் பாட்டிக்குக் கஞ்சி சொல்லிக்கொடுத்தேன்.

நீங்களும் கேளுங்கள், அடுப்படியில் இருந்தபடியே கேட்டால் போதும். ஒரு கோழி ஈரலைக் கழுவி, உள்ளே சிவப்புத் தெரியாதபடி வேகவையுங்கள். நன்றாக மசித்து, அதில் சின்னக் கரண்டியளவு எடுத்து, குழைந்த கஞ்சியில் கலந்து ஊட்டுங்கள். பின்னாலேயே இரண்டு வாய் பப்பாளி. அதிலுள்ள வைட்டமின் சி, கீரை பருப்பிலுள்ள இரும்பையும் உடம்பில் சேர்த்துவிடும். ஈரலில் வைட்டமின் ஏ அதிகம்; வாரத்துக்கு ஒரு தடவை, சின்னக் கரண்டியளவு போதும். மற்ற நாளில் மீன், கோழித்தொடை. சைவ வீடென்றால் பருப்பும் முருங்கைக்கீரையும். அடுத்த தடவை கிளினிக்குக்கு வந்தபோது அந்தப் பாட்டியே வரிசையில் நின்ற மற்றப் பாட்டிமாருக்கு இந்தக் கஞ்சியைச் சொல்லிக்கொண்டிருந்தார்!

இன்னும் இரண்டு விஷயம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஒரு வயதுக்குப் பிறகு பசும்பால் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம்; வயிறு பாலில் நிரம்பினால் சோறு இறங்காது. நீங்களாகவே இரும்பு டானிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். தலசீமியாவாலும் பிள்ளை வெளுக்கும், நம் நாட்டில் அதுவும் உண்டு; சோதித்த பிறகே மருந்து.

மூளை வேகமாக வளரும் வயது இது. ஆறு மாதம் முடிந்த உங்கள் பிள்ளைக்குத் தினமும் இரும்புள்ள சாப்பாடு ஒன்று கிடைக்கட்டும். முதலாம் ஆண்டு வகுப்பில் தெம்போடு உட்கார்ந்து பாடம் கேட்கட்டும்.