உதவித்தொகையும் ஒரு தீவின் மொழியும்



தமிழ் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் அயர்லாந்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். கால்டுவெல் 1814இல் பிறந்தது அந்த மண்ணில்தான் என்பதைப் பலர் அறிவீர்கள். நான் சொல்ல வந்தது அதுவன்று. ஐரிஷ் பண்பாட்டைக் கற்க விரும்பும் அயல்நாட்டு மாணவர்களுக்கு வழங்கப்பெறும் உதவித்தொகைகளைப் பற்றிச் சில செய்திகளும், என் கருத்து ஒன்றும் சொல்ல வந்தேன்.

வட அயர்லாந்தில் அமைதிக்கு வழிவகுத்த உடன்படிக்கை 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் நிறைவேறியது. அப்பேச்சுகளுக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் மிட்செலின் பெயரால் ஓர் உதவித்தொகை தோன்றியது. ஆண்டுதோறும் பன்னிரண்டு அமெரிக்க இளைஞர்கள் வரை, விரும்பிய துறையில் ஓராண்டு அயர்லாந்தில் முதுநிலைக் கல்வி பெற்றார்கள். 2024இல் புதிய தேர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. இந்திய மாணவர்களும் விண்ணப்பிக்கக்கூடியது அயர்லாந்து அரசு வழங்கும் உதவித்தொகை. ஓராண்டுக்குப் பத்தாயிரம் யூரோவும் முழுக் கட்டண விலக்கும் உண்டு. இவை சிறந்தவையே. ஆயினும் இத்தொகைகளைப் பெற்றவர் ஆங்கிலத்திலேயே படித்து, ஐரிஷ் மொழியில் ஒரு சொல்லும் அறியாமல் ஊர் திரும்பிவிட முடியும்.

இன்னொரு வகை உண்டு. அமெரிக்கர்களுக்கு ஃபுல்பிரைட் ஆணையம் வழங்கும் கோடைக்கால நல்கை அத்தகையது. தொகை சிறிது, காலமும் சில வாரங்களே. ஆனால் அது மாணவரைக் கேல்டாக்ட் என்னும் பகுதிக்கு அனுப்புகிறது. ஐரிஷ் மொழி இன்னும் வீட்டு மொழியாக வழங்கும், பெரும்பாலும் மேற்குக் கரையோரத்தில் உள்ள ஊர்களுக்கு அப்பெயர். அயர்லாந்தின் பள்ளிப் பிள்ளைகளும் கோடையில் அங்கேதான் மொழி பயிலச் செல்கிறார்கள். அவர்கள் தங்குவது அவ்வூர்க் குடும்பங்களில். வீட்டுத் தலைவியை 'பான் அன் டீ' என்பார்கள்; இல்லத்தரசி என்று நாம் சொல்வதற்கு அணுக்கமான சொல். அந்த வீட்டில் ஐரிஷ் பேசப்பட வேண்டும். தங்கும் மாணவர் தொகைக்கேற்ப அக்குடும்பத்துக்கு அரசு பணம் தருகிறது. மொழியைக் கற்பவனுக்கு மட்டுமன்றி, அதைப் பேசிக்கொண்டிருப்பவளுக்கும் பொருள் சேர்கிறது. இந்த ஏற்பாட்டைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன்.

மாணவன் ஒருவன் ஒரு வீட்டில் தங்கினால் என்ன விளையும் என்பதற்குப் பிளாஸ்கெட் பெருந்தீவே சான்று. கெர்ரி மாவட்டத்தின் மேற்கு முனையில், அட்லாண்டிக் கடலுக்குள் இருக்கும் சிறு தீவு அது. 1907இல் நார்வேயிலிருந்து கார்ல் மார்ஸ்டிராண்டர் என்ற மாணவர் அங்கே வந்தார். கரையில் இருந்த ஊரில் ஆங்கிலக் கலப்பு மிகுதி என்று கருதி, அலை கடந்து தீவுக்கே போய்விட்டார். அங்கே அவருக்கு ஆசிரியராய் வாய்த்தவர் தொமாஸ் ஓ கிரிஹன், மீனவர். பள்ளியில் ஆங்கிலம் மட்டுமே எழுதப் பழகி, நடுவயதில் தாய்மொழி எழுத்தைத் தாமே கற்றவர். ஊர் திரும்பிய பிறகும் மாணவர் தாள் அனுப்பி, பறவை, மீன், செடி எல்லாவற்றின் பெயர்களையும் எழுதித் தரச் சொன்னார். தம் பேச்சு எழுதத்தக்கது என்பதை அம்மீனவர் உணர்ந்ததில் அந்தத் தாள்களுக்கும் பங்குண்டு என்றே எண்ணுகிறேன். 1929இல் அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. அதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ராபின் ஃபிளவர். மார்ஸ்டிராண்டரிடம் பாடம் கேட்டு, 1910இல் அதே தீவுக்குச் சென்றவர். தீவார் அவருக்குச் 'சின்னப்பூ' என்று பொருள்படும் ஐரிஷ் பெயரே இட்டுவிட்டார்கள்.

1923இல் வந்தவர் ஜார்ஜ் தாம்சன். கேம்பிரிட்ஜில் கிரேக்கம் பயின்ற இருபது வயது இளைஞர். அவருடைய தோழர் மூரிஷ் ஓ சூலவான் அமெரிக்கா செல்லவிருந்தார். தாம்சன் அவரை அயர்லாந்துக் காவல் பணியில் சேரச் செய்தார். 1933இல் அவரும் தம் இளமைக் கதையை நூலாக்கினார். தீவு மக்களின் அன்றாடப் பேச்சைக் கேட்ட பிறகே ஹோமரின் கவிதை மொழி தமக்கு விளங்கிற்று என்பது தாம்சனின் எண்ணம்.

நம் கவிஞர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். பின்னாளில் தாம்சன் பர்மிங்ஹாமில் கிரேக்கப் பேராசிரியரானார். இலங்கையிலிருந்து சென்ற க. கைலாசபதி அவரிடம் ஆய்வு செய்தார். சங்கப் பாடல்களைப் பாணரின் வாய்மொழி மரபில் வைத்துக் காணும் அவருடைய ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தது. கா. சிவத்தம்பியும் பண்டைத் தமிழர் நாடகத்தை அதே ஆசிரியரிடம்தான் ஆராய்ந்தார். அவ்வாய்வுகளின் முடிவுகளை ஏற்பவரும் மறுப்பவரும் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். ஆனால் அம்முறைக்குப் பின்னால் கெர்ரி மீனவர்களின் பேச்சும் இருந்தது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

அத்தீவில் இப்போது அந்த மக்கள் இல்லை. இளைஞர் வெளியேற, முதியோர் மட்டும் எஞ்ச, 1953 நவம்பரில் அரசே அவர்களைக் கரையில் குடியேற்றியது. எதிர்க் கரையில் டன்க்வின் என்னும் ஊரில் பிளாஸ்கெட் மையம் இருக்கிறது. மாணவர்கள் இன்று ஐரிஷ் கேட்பது அக்கரை ஊர்களில்தான்.

நம் பிள்ளைகளில் சிலர் படிப்புக்காக டப்ளினுக்கும் கார்க்குக்கும் செல்கிறார்கள். அவர்களுள் ஒருவராவது விடுமுறையில் மேற்கே சென்று ஒரு மாதம் அத்தகைய வீட்டில் தங்கி, கேட்டதை எழுதிவந்து நம் கூட்டத்தில் படிக்க வேண்டும். அதற்கான செலவில் ஒரு பகுதியை வட்டம் ஏற்கலாமா என்பதை அடுத்த செயற்குழுவில் முன்வைக்க இசைவு வேண்டுகிறேன்.