கசிவைத் தடுக்கும் மென்தகடு

(பெங்களூரு பீனியாவில் சிறுதொழில் முனைவோரிடையே நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



பொருளாதாரம் பயின்றவன் கேஸ்கட்டைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்குச் சற்று விந்தையாகத் தோன்றலாம். உலோகப் பரப்பை எவ்வளவு வழுவழுப்பாகக் கடைந்தாலும் அதில் நுண்ணிய மேடுபள்ளங்கள் இருந்தே தீரும். போல்ட்டுகளை முடுக்கும்போது இடையிலுள்ள மென்தகடு நசுங்கி அப்பள்ளங்களை நிரப்புகிறது. நிரப்பத் தவறினால் நட்டம் சிறிதன்று. சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தமுள்ள நீராவிக் குழாயில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று, ஆண்டுக்கு 33 கிலோலிட்டர் எரியெண்ணெயை விரயமாக்கும் என்பது எரிபொருள் சிக்கன வல்லுநர்களின் கணக்கு. 1986 ஜனவரியில் சாலஞ்சர் விண்ணோடம் சிதறியதும் குளிரில் விறைத்த ஒரு ரப்பர் வளையத்தால்தான்.

நீராவிக் குழாய்களுக்கு நெடுங்காலமாகக் கல்நார் இழையை ரப்பருடன் சேர்த்து அழுத்திய தகடே பயன்பட்டு வந்தது. அதற்கு ஐ.எஸ். 2712 என்ற தர நிர்ணயமும் உண்டு. வெப்பம் தாங்கும், விலையும் மலிவு. ஆனால் அந்த விலைப்பட்டியலில் ஒரு செலவு விடுபட்டுள்ளது. தகட்டை வெட்டும்போதும் சுரண்டும்போதும் எழும் தூசு நுரையீரலில் தங்கி, 20, 30 ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். அச்செலவை ஏற்பவர் வாங்கியவருமல்லர், விற்றவருமல்லர். சுத்தியலும் உளியும் பிடித்த தொழிலாளி. கல்நார்த் தொழிலாளியின் உடல்நலக் குறிப்புகளை, பணியில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது பணி நீங்கியபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டுமென 1995இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நான்கைந்து பேர் வேலை செய்யும் பட்டறையில் எவர் குறிப்பு வைக்கிறார்?

மாற்றுப் பொருள்கள் உள்ளன. அராமிட் இழையும் நைட்ரைல் ரப்பரும் கலந்த தகடு எண்ணெய்க் குழாய்களுக்கு ஏற்றது. அமிலங்களுக்கு டெஃப்லான், ஆனால் 260 டிகிரி செல்சியசுக்கு மேல் கூடாது. உயர்வெப்ப நீராவிக்குக் கிராஃபைட். விலை கூடுதல்தான், மறுக்கவில்லை. மிகக் குறைந்த விலைக்கே ஒப்பந்தம் என்று கோப்பெழுதும் எங்களுக்கும் இதில் பொறுப்புண்டு. அத்தகைய கோப்புகளில் என் கையெழுத்தும் இருக்கிறது.

புதிய தகட்டை மாற்றும்வரை காத்திராமல் நாளையே செய்யக்கூடியது ஒன்றுண்டு. பழைய ஃபிளேஞ்சில் ஒட்டியிருக்கும் கல்நார்த் தகட்டை உலர்ந்த நிலையில் கம்பித் தூரிகையால் சுரண்ட விடாதீர்கள். நன்கு நனைத்துப் பெயர்த்தெடுத்து, பையிலிட்டு வாயை மூடி, அடையாளமிட்டு அகற்றுங்கள். காற்றடித்துத் தூசு ஊதும் வழக்கத்தை அன்றே நிறுத்துங்கள்.